நானி ட்ராப்பில் கறுப்புத் தண்ணீர் ஏறுகிறது: அடைப்பா, உடைப்பா, தெரு லைனா?

கீழ்வீடு:
மேற்கு மாம்பலம், தனி வீடு, கீழும் ஒரு மாடியும். 1980களில் கட்டியது. டாய்லெட் லைன் அந்தக் காலத்து ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய். காம்பவுண்ட் ஓரமாக 4 சேம்பர் (லைனைத் திறந்து பார்க்கும் குழி). கடைசிச் சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோலுக்குப் போகிறது.

மாடி வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது கீழ் பாத்ரூம் நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும், அடியில் தண்ணீர் நிற்கும் வளைவு) குபுகுபுவென்று சத்தம் போடுகிறது. அடுத்து கறுப்பாகத் தண்ணீர் அதன் ஜாலி மூடிக்கு மேல் இரண்டு விரல்கடை ஏறி, கால் மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. கீழே வெஸ்டர்னை ஃப்ளஷ் செய்தால் கோப்பை பாதி நிரம்பி மெதுவாக இறங்குகிறது. சமையலறை சிங்கில் ஒரு தொல்லையும் இல்லை. வெளி நடைபாதையில் ஒரு டைல் லேசாக அமுங்கியிருக்கிறது.

ஒரு பிளம்பர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் மொத்த லைனையும் தோண்டி மாற்ற வேண்டும் என்கிறார். உடைப்பதற்கு முன் நாமே எதையெல்லாம் பார்க்கலாம்?

ராடு_பாண்டி:
சார், முதல்ல ஆசிட்டைத் தூக்கி ஓரமா வைங்க. ஸ்டோன்வேர் பைப்புக்கு அதால ஒண்ணும் ஆகாது, ஆனா ஜாயின்ட் எல்லாம் சிமெண்ட் கலவையில போட்டது. ஆசிட் சிமெண்டைத் தின்னுடும். சேம்பர் அடியில பூசியிருக்கிற வாய்க்காலும் பேத்துக்கும். அங்க ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடர் கிடந்து அது மேல ஆசிட் விழுந்தா குளோரின் கேஸ் கிளம்பும், மூடின பாத்ரூம்ல ஆளையே சாய்ச்சிடும்.

ஒரே இடத்துல மட்டும் தண்ணி நின்னா, வாஷ்பேசின் மட்டும்னோ சிங்க் மட்டும்னோ, அது அந்த ட்ராப்புலயோ அதோட கிளை பைப்புலயோ இருக்கிற அடைப்பு. முடி, சோப்பு, எண்ணெய் அவ்வளவுதான். மேல மெஷின் விட்டா கீழ ஜாலி பொங்குதுன்னா அது மெயின் லைன். அடைச்ச லைன்ல தண்ணி ரொம்பத் தாழ்வா இருக்கிற வாய் வழியாத்தான் வெளிய வரும். உங்க வீட்ல அந்த வாய் கீழ் பாத்ரூம் ஜாலி. பாவம், அந்த ஜாலியைத்தான் எல்லாரும் முதல்ல உடைக்கிறாங்க.

சிங்க் தண்ணி எந்தச் சேம்பர்ல சேருதுன்னு பாருங்க. 3வதுலயோ 4வதுலயோ சேர்ந்தா, சிங்க் ஒழுங்காப் போறதால அடைப்பு அதுக்கு முந்தின சேம்பர் பக்கம் இருக்கு. நாலு மூடியையும் திறந்து, எதுல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு எழுதுங்க. திறந்ததும் குனியாதீங்க. கால் மணி நேரம் காத்தாட விடுங்க. தீக்குச்சி, சிகரெட் பக்கத்துலயே வேணாம்.

காற்றுக்குழாய்:
குபுகுபு சத்தம் என்றால் நான் முதலில் வென்ட் பைப்பைத்தான் பார்க்கச் சொல்வேன். மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், தலையில் கௌல் என்ற ஓட்டை மூடி இருக்கும். காக்கை குச்சியும் குளவிக்கூடும் அதை அடைக்கும். மாடியில் பிற்பாடு அறை எடுத்த வீடுகளில் கொத்தனார் அதை மொட்டையாக வெட்டி சிமெண்டால் மூடிவிட்டுப் போவதும் சர்வ சாதாரணம். காற்று வர வழியில்லாவிட்டால், மேலிருந்து விழும் தண்ணீர் கீழ் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தச் சத்தம்தான் குபுகுபு. மெயின் லைன் என்று முடிவு கட்ட அவசரம் வேண்டாம்.

சிவில்_மேசை:
இருவர் சொல்வதும் உண்மை, ஆனால் இந்த வீட்டுக்கு முதலாவதுதான் பொருந்தும். வென்ட் அடைத்தால் ட்ராப் தண்ணீர் குறையும். ஒவ்வொரு ஃப்ளஷுக்குப் பிறகும் நாற்றம் வரும். கறுப்பாகத் தண்ணீர் ஜாலிக்கு மேல் ஏறி நின்று மெல்ல வடிவதற்குக் காரணம் கீழே போகும் வழி குறுகியிருப்பதே. வாஷிங் மெஷின் 40, 50 லிட்டரை ஒரே மூச்சில் தள்ளும். குறுகிய வழியில் அது போவதற்குள் மேலே தேங்குகிறது. உள்ளே அகப்பட்ட காற்று ட்ராப் வழியாக வெளியேறும்போது சத்தம். முழு அடைப்பு இல்லை, முக்கால் அடைப்பு. வெறும் குளியல் தண்ணீருக்கு ஒன்றும் தெரியாமல், மெஷின் ஓடும்போதும் ஃப்ளஷ் செய்யும்போதும் மட்டும் தெரிவது அதனால்தான்.

வென்ட்டைச் சோதிக்க ஏணியே வேண்டாம். மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ் நானி ட்ராப்பின் ஜாலியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு மட்டம் குறைந்தால் வென்ட். குமிழியிட்டு மேலே தள்ளினால் கீழே அடைப்பு.

நாற்றம் மட்டும் இருந்து தண்ணீர் ஒழுங்காகப் போகும் வீடுகளுக்கு: புழங்காத பாத்ரூமில் ட்ராப் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நின்றால்தான் கழிவுக்காற்று உள்ளே வராது. இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் நாற்றம் அடங்கினால் வேறு கோளாறு தேட வேண்டாம். ஊருக்குப் போகும்போது அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். அடங்கவில்லையா? வாஷ்பேசின் அடியில் சுருள் குழாயைத் தரைத் துளையில் சும்மா சொருகியிருக்கிறார்களா, வாஷிங் மெஷின் குழாயைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரியில் ஒரே மூலையிலிருந்து கரப்பான்பூச்சி வருவதும் அந்த இடைவெளியைத்தான் காட்டிக்கொடுக்கும்.

கீழ்வீடு:
திறந்து பார்த்தாயிற்று. 1, 2 இரண்டிலும் வாய்க்காலை மூழ்கடித்துத் தண்ணீர் நிற்கிறது, மேலே ஆடை படிந்திருக்கிறது. 3வதில் அடியில் கொஞ்சம் மணல், தண்ணீர் நூல் மாதிரி ஓடுகிறது. 4 சுத்தம். சிங்க் 3வதில் சேர்கிறது. அமுங்கிய டைல் 2க்கும் 3க்கும் நடுவில்.

ராடு_பாண்டி:
அப்போ முடிஞ்சது. 2 நிரம்பி 3 காலின்னா அடைப்பு அந்த ரெண்டுக்கும் நடுவுல. வீட்டுக்குள்ள ஒரு டைலைக்கூடத் தொட வேணாம். 4வதும் நிரம்பியிருந்தா தெரு லைன்னு சந்தேகப்பட்டு 1916 நம்பர்ல மெட்ரோ வாட்டருக்கு (சென்னைக் குடிநீர் வாரியம்) போன் போட்டுச் சொல்லச் சொல்லியிருப்பேன். காம்பவுண்டுக்குள்ள இருக்கிறது உங்க செலவு.

மணல் இருக்குன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்க, அதுதான் பெரிய துப்பு. கழிவுத் தண்ணியில மணல் வர வேலையே இல்ல. பாத்திரம் தேய்க்க மண்ணு போடுற காலமும் போயாச்சு. சேம்பர் மூடி ஓரமா மழைத்தண்ணி மண்ணை அடிச்சுட்டு வரலைன்னா, பைப் எங்கயோ வாய் பிளந்து பக்கத்து மண்ணை உள்ள இழுக்குது. மேல டைல் அமுங்குறதும் அதே கதைதான், அடியில பொந்து விழுந்திருக்கு. கம்பியால டைலைத் தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு வெற்றுச் சத்தம் வந்தா யாரும் அது மேல நடக்காம கயிறு கட்டிடுங்க.

ராடு போடுறதுன்னா காலியா இருக்கிற 3லேர்ந்து 2 பக்கம் போடுங்க. 3லேர்ந்து 4க்குப் போற வாய்ல ஒரு கம்பி வலையை வைங்க, இல்லாட்டி உடைஞ்சு வர்ற கசடு அடுத்த லைனை அடைக்கும். அடைப்பு விட்டதும் தண்ணி ஒரே அடியா வரும், குழிக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நில்லுங்க. மூங்கில் பத்தையை வச்சுக் குத்த விடாதீங்க, பழைய ஸ்டோன்வேர் ஜாயின்டை அது இன்னும் பிளக்கும். மாட்டுற ராடோ ஸ்பிரிங் கம்பியோ போதும்.

ராடு முட்டுற இடத்துல, பைப் வாய்க்கு நேரா ராடு மேல ஒரு டேப் ஒட்டுங்க. வெளிய எடுத்து அதே நேர்கோட்டுல தரை மேல வச்சா அடைப்பு எந்த டைலுக்குக் கீழன்னு தெரிஞ்சிடும். அப்புறம் ராடு நுனியை நல்லாப் பாருங்க. வெள்ளைக் கொழுப்புக்கட்டி வந்தா கிச்சன் எண்ணெய், துணி வந்தா யாரோ போட்டது, ரெண்டும் சுத்தம் பண்ணினா தீரும். செம்மண்ணோ மணலோ ஓட்டுத்துண்டோ வந்தா உடைப்பு. முடி மாதிரி பழுப்பா வேர் வந்தா ஜாயின்ட் விட்டுப்போச்சு, ராடு போட்டா திறக்கும், ஆனா வேர் திரும்ப வளர்ந்து மறுபடி அடைக்கும்.

மூணாவது_மாடி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடுக்ககத்தில் எங்கள் பாத்ரூமுக்குக் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம், உப்புப் பூத்திருக்கிறது. எங்கள் கழிவுக் குழாய்தான் காரணம் என்கிறார்கள். இதற்குச் சேம்பர் முறை உதவாதே?

சிவில்_மேசை:
உதவாது. உங்களுக்கு மூன்று சந்தேக ஆசாமிகள்: நல்ல தண்ணீர் லைன், தரை, கழிவு லைன். ஒவ்வொருவராக விலக்க வேண்டும்.

நல்ல தண்ணீர் லைன் கசிந்தால் ஈரம் யாரும் புழங்காதபோதும் குறையாது. ராத்திரி அந்த பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடுங்கள், பிரஷர் நின்றதும் சொட்டு நின்றால் அதுதான். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வையும் அதோடு மூடுங்கள், அது உள்ளுக்குள் ஒழுகிக் கணக்கைக் குழப்பும்.

அது இல்லையென்றால் தரை. நானி ட்ராப் வாயை ஈரத்துணி சுற்றிய பாலித்தீன் பையால் இறுக்கி அடைத்து, தரையில் ஒரு இன்ச் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் மட்டத்தைக் குறித்துவையுங்கள். மட்டம் இறங்கி, கீழே ஈரமும் கூடினால் டைல் இடுக்கு, வாட்டர்ப்ரூஃப், அல்லது ட்ராப்பின் கழுத்தைச் சுற்றிய பூச்சு. அடுக்ககங்களில் அந்தக் கழுத்துதான் அதிகம் விடும் இடம்.

தரையும் தாங்கினால் கழிவு லைன். தரையைக் காய விட்டு, ட்ராப்புக்குள் மட்டும் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர் ஒரு பக்கெட், வெஸ்டர்னில் சொட்டு நீலம் கலந்து ஒரு பக்கெட். கீழே எந்த நிறம் தெரிகிறதோ அந்த லைன். நிறம் தெரியாவிட்டால் குழாய் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். கான்கிரீட்டும் சுண்ணாம்பும் சாயத்தை வடிகட்டிவிடும்.

ஒரு சங்கதி. பாத்ரூம் தளம் சங்கன் ஸ்லாப் (குழாய் போக வசதியாகத் தாழ்த்திப் போட்ட தளம்) என்றால், உள்ளே நிரப்பிய செங்கல் ஜல்லி ஒரு தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கசிவை நிறுத்திய பிறகும் பல நாள் சொட்டும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே காயவிடாமல் செய்தால் எல்லா முடிவும் தப்பு. கீழ்வீட்டுக்காரரோடு வரும் தகராறில் பாதி இதனால் வருவது.

வெளிச்சுவரில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் என்றால் முன்பக்கம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வெடிப்பு பெரும்பாலும் சுவரைப் பார்த்த முதுகில் இருக்கும். பின்னால் சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். சுவரில் பச்சைப் பாசி எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, கசிவு அதற்குச் சற்று மேலே.

கோவைத்தொட்டி:
எங்க பக்கம் பாதாள சாக்கடை இல்லீங்க, செப்டிக் டேங்க்தான். லாரி வச்சு உறிஞ்சி ரெண்டு மாசம்கூட ஆகல, மறுபடியும் டாய்லெட் எறங்க மாட்டேங்குது. டேங்க் சின்னதுன்னு பெருசா கட்டச் சொல்றாங்க. சரிதானுங்களா?

ராடு_பாண்டி:
கட்டாதீங்க, முதல்ல மூடியைத் திறங்க. டேங்குல தண்ணி மட்டம் வெளிய போற பைப்போட அடி விளிம்புக்குச் சரியா நின்னா டேங்க் நல்லா வேலை செய்யுது. சுத்தம் பண்ணினப்புறமும் அது எப்பவும் அந்த மட்டத்துக்கு நிரம்பத்தான் செய்யும், நிரம்பினதைப் பார்த்துட்டு உடனே லாரிக்குச் சொல்றவங்க இருக்காங்க. மட்டம் சரியா இருந்தும் டாய்லெட் இறங்கலைன்னா அடைப்பு டாய்லெட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல, முக்காவாசி உள்ள வர்ற டி (T) வடிவ பைப்புல கெட்டிச்சுப் போயிருக்கும். நீளக் கம்பியால மேலேர்ந்தே குத்தி விடலாம்.

மட்டம் வெளிய போற பைப்பை மூழ்கடிச்சு நின்னா, டேங்க் தண்ணி போய் மண்ணுல ஊறுற உறைகிணறு தண்ணியைக் குடிக்கல. வெளிய போற டி உடைஞ்சு மலமே நேரா உறைகிணத்துக்குப் போயிருந்தா மண்ணு கண்ணு அடைச்சுக்கும். டேங்கைப் பெருசாக் கட்டினாலும் அது தீராது. மட்டம் அந்தப் பைப்புக்குக் கீழயே நின்னா இன்னும் மோசம், டேங்க் சுவர் ஒழுகுது. கிணறோ போரோ பக்கத்துல இருந்தா தண்ணியைச் சோதிக்கணும்.

சிவில்_மேசை:
கோவைக்காரருக்கு ஒரு கூடுதல் கேள்வி: மழை பெய்த பிறகு மட்டும் இப்படி ஆகிறதா? அப்படியென்றால் நிலத்தடி நீர் உறைகிணற்றில் ஏறியிருக்கும். லாரி வைத்து உறிஞ்சுவது அந்த நேரத்தில் வீண் காசு. ஃபைபர் டேங்க் என்றால் ஆபத்தும்கூட. ஈர மண்ணில் காலி டேங்க் மிதந்து கிளம்பிக் குழாய்களை முறிக்கும்.

டேங்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆளை இறக்க மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரிழப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கழிவு உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் அழையுங்கள்.

மாம்பலத்தான்:
திரி தொடங்கியவர் எங்கள் பேட்டை என்பதால் ஒரு வார்த்தை. இங்கே பழைய வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீட்டுத் தரை ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டது. தெரு மேன்ஹோல் மூடியும் ரோட்டோடு உயர்ந்துவிட்டது. மழையில் தெரு லைன் நிறைந்தால், மேன்ஹோல் மூடி வரை தண்ணீர் ஏறுவதற்குள் உங்கள் பாத்ரூம் ஜாலியில் வந்துவிடும். தெருவில் ஒரு சொட்டு வழியாமல் வீட்டுக்குள் மட்டும் பொங்குவது இதனால்தான்.

கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் மட்டத்தைப் பிடித்து, ஒரு முனை ஜாலியில், மறுமுனை மேன்ஹோல் மூடியில் வைத்துப் பாருங்கள். மூடி உயரமாக இருந்தால் கடைசிச் சேம்பரில் ரிட்டர்ன் வராத ஃப்ளாப் வால்வு போடலாம். ஆனால் அது மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்தால் அது கீழ் பாத்ரூமில் வரும். அதனால் கீழ்த்தள லைனுக்கு மட்டும் வால்வு, மாடி லைன் வால்வுக்கு அப்பால் சேர வேண்டும். ஃப்ளாப்பில் துணி சிக்கினால் பாதி திறந்தபடி நின்றுவிடும், ஐப்பசிக்கு முன் கழுவி வையுங்கள்.

மழையில் மட்டும் பொங்குகிறவர்கள் மொட்டை மாடி மழைநீர்க் குழாய் எந்தக் குழியில் இறங்குகிறது என்றும் பாருங்கள். சேம்பரில் விட்டிருந்தால் தொல்லையை நாமே விலைக்கு வாங்கியது மாதிரி.

கீழ்வீடு:
ராடு 3வது சேம்பரிலிருந்து 7 அடியில் முட்டியது. டேப் வைத்து அளந்தால் அமுங்கிய டைலுக்கு நேர் கீழே. நுனியில் செம்மண், பழுப்பு வேர், கூடவே விரல் அளவு ஓட்டுத்துண்டு. தண்ணீர் இப்போது வடிந்துவிட்டது. பக்கத்தில் எங்கள் சம்ப் (தரைக்கடி நல்ல தண்ணீர்த் தொட்டி) 6 அடி தூரம், அதுதான் கவலை. அந்த 7 அடியில் மட்டும் மாற்றினால் போதுமா?

சிவில்_மேசை:
சம்ப்பை முதலில் பாருங்கள். மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் வாடை சம்ப்பில் இல்லாமல் போயிருந்தாலோ, உள் சுவரில் உடைந்த குழாய் இருக்கும் பக்கம் மட்டும் ஈரக்கோடு இருந்தாலோ குடிக்க வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை கேளுங்கள், 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தெருவிலிருந்து வரும் நல்ல தண்ணீர்க் குழாய் அந்த உடைப்புக்கு அருகில் போகிறதா என்பதும் முக்கியம். சப்ளை நின்ற நேரத்தில் அதில் அழுத்தம் இருக்காது. இற்றுப்போன ஜாயின்ட் இருந்தால் வெளி ஈரத்தை உள்ளே இழுக்கும். சப்ளை வந்த முதல் சில நிமிடத் தண்ணீர் மட்டும் கலங்கி நாறினால் அந்தச் சந்தேகம் உறுதி.

குழாய்: 2க்கும் 3க்கும் நடுவில் முழுவதும் மாற்றுங்கள். ஸ்டோன்வேர் சிறு சிறு துண்டு, சுமார் 2 அடிக்கு ஒரு ஜாயின்ட். வேர் ஒன்றில் நுழைந்திருந்தால் அடுத்ததிலும் மூக்கை நுழைத்திருக்கும். ஒட்டுப்போட்டால் பிவிசியும் ஸ்டோன்வேரும் சேரும் இரண்டு இடமும் புதுப் பலவீனம். 1, 3, 4 பக்கம் தண்ணீர் ஒழுங்காகப் போகும்வரை தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கழுவிய பின் கேமரா விடச் சொல்லுங்கள், மீட்டர் அளவு திரையில் தெரியும்படி. கழுவாமல் விட்டால் கறுப்புத் தண்ணீரைத்தான் படம் எடுத்துக் கொடுப்பார்கள்.

ராடு_பாண்டி:
110 மி.மீ. பைப், மண்ணுக்கடியில போடுற ஐஎஸ் 15328 தரம், எஸ்என்4 (நெளியாம தாங்குற அளவு) கேளுங்க. கடைக்காரர் தோட்டத்துக்குப் போடுற 4 கிலோ (எடை இல்ல, தண்ணி அழுத்தம் தாங்குற அளவு) பைப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார், மேல வண்டி ஏறினா அது நெளிஞ்சிடும். சரிவு 40க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 இன்ச். ரெண்டு சேம்பருக்கும் நடுவுல 14 அடின்னா 4 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. பைப்புக்கு அடியில 4 இன்ச் மணல் போட்டு சமமா அமுக்குங்க. செங்கல் துண்டை முட்டுக் கொடுத்து மேல மண்ணைக் கொட்டுற வேலை வேணாம், முட்டு இல்லாத இடத்துல பைப் தொய்ஞ்சு, அங்க கசடு படிஞ்சு, மறுபடியும் இதே திரியில வந்து எழுதுவீங்க.

குழியை மூடுறதுக்கு முன்னாடி 3வது சேம்பர் பக்கம் பைப் வாயை ரப்பர் பிளக்கால அடைச்சு, 2வது சேம்பர் பாதி நிரம்புற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. சேம்பர் சுவர் குடிக்கிறதைக் குடிக்கட்டும்னு ஒரு மணி நேரம் விட்டு, திரும்ப நிரப்பிக் கோடு போடுங்க. அரை மணி கழிச்சு கோடு அப்படியே இருக்கணும், ஜாயின்டைச் சுத்தி மணல் ஈரமாகக் கூடாது. அப்புறம்தான் மண்ணு, அரை அடிக்கு ஒரு தடவை திமிசு போட்டு. டைலை உடனே ஒட்ட வேணாம். ஒரு மழை முடியுற வரைக்கும் மண்ணு இறங்கும், அதுவரைக்கும் மணல் மேல பேவர் பிளாக்கை அடுக்கி விடுங்க.